எஸ்.யூ.வி. விலையை இனம் இனமாகப் பேசுங்கள்: முதல்முறை வாங்குவோருக்கு

நான் முதல் எஸ்.யூ.வி. வாங்கியபோது ஷோரூமில் இரண்டு மணி நேரம் பேசி 25,000 ரூபாய் குறைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த வாரம், அதே காரை அதே வேரியன்ட்டில் வாங்கியிருந்த அலுவலக நண்பர் தன் இன்சூரன்ஸ் பாலிசியைக் காட்டினார். வெளியில் எடுத்தது, என்னுடையதைவிட 19,000 ரூபாய் குறைவு. என் பில்லில் இருந்த 9,500 ரூபாய் ஹேண்ட்லிங் கட்டணமும் அவர் பில்லில் இல்லை. இரண்டையும் கூட்டினால் 28,500. பாடுபட்டு வாங்கிய தள்ளுபடி முழுவதும் வேறு வழியாக ஷோரூமுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த காரை வாங்கும்போது வேறு விதமாகப் பேசினேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணக்குகள் தமிழ்நாட்டு விலைகளுக்கும் வரிகளுக்கும் உரியவை.

படி 1: ஆன்ரோடு விலையைப் பிரித்துக் கேளுங்கள்

"ஆன்ரோடு பதினைந்து நாற்பது வரும் சார், உங்களுக்காக முப்பதாயிரம் குறைத்துத் தருகிறேன்" என்று சொன்னால் அந்தத் தொகையை வைத்துப் பேசத் தொடங்காதீர்கள். ஆன்ரோடு என்பது வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த விலை. ஒவ்வோர் இனத்தையும் தனியாக எழுதிய கொட்டேஷன் கேளுங்கள். எக்ஸ்ஷோரூம் விலை (ஆயுள் வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத விலை) 12 லட்சம் உள்ள ஒரு வண்டிக்கு அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

எக்ஸ்ஷோரூம் விலை: 12,00,000
ஆயுள் வரி (மாநில அரசு ஒரே தடவையாக வசூலிக்கும் வாகன வரி), 18 சதவீதம்: 2,16,000
டி.சி.எஸ். (விற்பவர் வசூலித்துக் கட்டும் வருமான வரி), 1 சதவீதம்: 12,000
பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக்: 3,000
இன்சூரன்ஸ்: 58,000
கூடுதல் ஆண்டுகளுக்கான வாரண்டி: 19,000
ஆக்சஸரிஸ்: 22,000
ஹேண்ட்லிங் கட்டணம்: 9,500
மொத்தம்: 15,39,500

ஒரு பேனாவால் ஆயுள் வரி, டி.சி.எஸ்., பதிவுக் கட்டணம் ஆகியவற்றைச் சுற்றி வட்டமிடுங்கள். இவை அரசுக்குப் போகும் பணம். இவற்றில் யாராலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. டி.சி.எஸ். பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு வசூலிக்கப்படுவது. அது உங்கள் பான் எண்ணில் வரவாகப் பதிவாகும்; வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். அதனால் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள்.

வட்டத்துக்கு வெளியே இருப்பவை இன்சூரன்ஸ், வாரண்டி, ஆக்சஸரிஸ், ஹேண்ட்லிங். இந்த நான்கும் சேர்ந்து 1,08,500 ரூபாய். எக்ஸ்ஷோரூம் விலையில் கிடைக்கும் தள்ளுபடியைத் தவிர, இவ்வளவு பணத்தைப் பற்றியும் பேச இடமிருக்கிறது. காரை விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் குறைவு. அவருடைய வருமானத்தில் ஒரு பங்கு இன்சூரன்ஸ் கமிஷன், கடன் ஏற்பாடு, ஆக்சஸரிஸ் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அதனால்தான் ஒரு கையால் தள்ளுபடி கொடுத்து மறு கையால் எடுக்க முடிகிறது.

படி 2: பேரத்துக்கு முன்பே வேரியன்ட்டைத் தீர்மானியுங்கள்

நவம்பர் 2023இல் திருத்தப்பட்ட ஆயுள் வரி விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இது படிக்கட்டு போல ஏறுவது. 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் வண்டிக்கு 1,80,900. விலையில் 10,000 ரூபாய் வித்தியாசம், வரியில் 51,550 ரூபாய் வித்தியாசம். அதோடு டி.சி.எஸ். வேறு தொடங்குகிறது. எந்த பேரத்திலும் இவ்வளவு பணத்தை எளிதில் மீட்க முடியாது. சன்ரூஃப் உள்ள வேரியன்ட் "இன்னும் பத்தாயிரம்தான் சார்" என்று யாராவது சொன்னால், அந்தப் பத்தாயிரம் பத்து லட்சக் கோட்டைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. எக்ஸ்ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 22 செப்டம்பர் 2025 முதல், நீளம் 4 மீட்டருக்குள்ளும், எஞ்சின் பெட்ரோலாக இருந்தால் 1200 சி.சி.க்குள்ளும், டீசலாக இருந்தால் 1500 சி.சி.க்குள்ளும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். அதைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதம். டாடா நெக்ஸான் பெட்ரோல் முதல் வகையில் வருகிறது. ஏறக்குறைய அதே அளவுள்ள மாருதி பிரெஸ்ஸா, அதன் 1462 சி.சி. எஞ்சின் காரணமாக இரண்டாம் வகையில் வருகிறது. இரண்டு கார்களை ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

படி 3: மாதம் பாருங்கள், நாளைச் சொல்லாதீர்கள்

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பலர் வண்டி எடுப்பதில்லை. ஷோரூமில் கூட்டம் குறையும். ஆனால் நிறுவனம் டீலருக்குக் கொடுக்கும் விற்பனை இலக்கு அப்படியே இருக்கும். மார்கழியின் முதல் பாதி டிசம்பரில் வருவதால் ஆண்டு இறுதி ஸ்டாக்கைத் தீர்க்கும் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. மாதக் கடைசி வாரமும், மார்ச் மாதமும் நல்லவை. ஆயுத பூஜை, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளம்பரம் பெரிதாக இருக்கும். கேட்டு வாங்கும் பலம் உங்களிடம் குறைவாக இருக்கும்.

ஆடியில் எடுக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றால், ஆடியில் பேசி முடித்து ஆவணி முதல் வாரத்தில் டெலிவரி எடுக்கலாம். ஆனால் சலுகைகள் பெரும்பாலும் அந்தந்த மாதத்தில் பில் போடும் வண்டிகளுக்குத்தான். எனவே பில் எந்தத் தேதியில் போடப்படும், அதுவரை தள்ளுபடி நிற்குமா என்பதை எழுதி வாங்குங்கள்.

டிசம்பரில் வாங்குகிறவர் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்தில் அந்த வண்டி "போன வருட மாடல்" ஆகிவிடும், விற்கும்போது அது விலையில் தெரியும். பத்து ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு இது பெரிய இழப்பன்று. நான்கு ஆண்டில் மாற்றுகிறவர் அதற்கு ஈடாகக் கூடுதல் தள்ளுபடி கேட்க வேண்டும்.

"வரும் வெள்ளிக்கிழமை முகூர்த்தம், அன்றைக்கே வண்டி வேண்டும்" என்று மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள். நாள் குறித்துவிட்டவரால் எழுந்து போக முடியாது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். விலை முடிந்து எழுத்தில் வந்த பிறகு நல்ல நாளைச் சொல்லுங்கள்.

படி 4: மூன்று கொட்டேஷன்

ஒரே நிறுவனத்தின் இரண்டு டீலர்கள், போட்டி நிறுவனத்தின் ஒரு டீலர். கோயம்புத்தூரில் இருப்பவர் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கேட்கலாம். சென்னைக்காரர் காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் கேட்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு கொட்டேஷன்களிலும் வேரியன்ட், நிறம், தயாரிப்பு மாதம் ஆகியவை ஒன்றுபோல் இருந்தால்தான் ஒப்பிட முடியும். வாட்ஸ்அப்பில் வரும் தொகையை நம்பிப் போகாமல், டீலரின் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள்.

தள்ளுபடியையும் பெயர் பெயராகக் கேளுங்கள்: ரொக்கத் தள்ளுபடி எவ்வளவு, பழைய காரைக் கொடுத்தால் தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, கார்ப்பரேட் தள்ளுபடி உண்டா, அதே நிறுவனத்தின் கார் முன்பே வீட்டில் இருந்தால் லாயல்டி போனஸ் உண்டா. நீங்கள் வேலை செய்யும் நிறுவனமோ அரசுத் துறையோ கார்ப்பரேட் பட்டியலில் இருக்கலாம். கேட்காதவருக்கு இதைப் பலர் சொல்வதில்லை.

மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மாடல் என்றால் ரொக்கத் தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே உங்கள் பேரம் ஹேண்ட்லிங் கட்டணத்தை நீக்குவது, இன்சூரன்ஸை வெளியில் எடுப்பது, கட்டாய ஆக்சஸரிஸை மறுப்பது ஆகியவற்றோடு நிற்கும். அதுவே கணிசமான தொகை.

படி 5: மேசையில் பேசுவது

டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பத்தோடு போங்கள். விலை பேச நீங்களும், கணக்கில் தெளிவான இன்னொருவரும் மட்டும் போங்கள். பிள்ளைகள் நிறத்தைத் தேர்ந்தெடுத்து வண்டிக்குள் உட்கார்ந்துவிட்ட பிறகு உங்கள் வாயிலிருந்து "வேண்டாம்" என்ற சொல் வராது.

நான் இரண்டாம் முறை பேசியதை அப்படியே தருகிறேன்.

"சார், உங்கள் பட்ஜெட் எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும்?"

"அதைப் பிறகு பார்க்கலாம் தம்பி. முதலில் எக்ஸ்ஷோரூம் விலையில் ரொக்கத் தள்ளுபடி எவ்வளவு என்று சொல்லுங்கள்."

"முப்பதாயிரம் சார். அதோடு இருபதாயிரத்துக்கு ஆக்சஸரிஸ் இலவசம்."

"ஆக்சஸரிஸ் வேண்டாம். அதற்கு ஈடாக விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்?"

"பன்னிரண்டாயிரம் வரை மேனேஜரிடம் கேட்கிறேன் சார்."

கவனியுங்கள்: இருபதாயிரம் என்று விலை போட்ட பொருட்கள் அவருக்கே பன்னிரண்டாயிரம்தான். நான் அந்தப் பன்னிரண்டாயிரத்தை விலையில் கழித்துக்கொண்டு, சீட் கவரையும் மிதியடியையும் வெளியே போட்டுக்கொண்டேன்.

ஹேண்ட்லிங் கட்டணம் என்பது கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவந்த செலவு என்பார்கள். "இது எந்த அரசுக் கட்டணம்? தனி ரசீது தருவீர்களா?" என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே அது நீங்கிவிடும்.

குரலை உயர்த்த வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் மாத இலக்கோடு போராடும் ஓர் இளைஞர். அவரிடம் மரியாதையாகப் பேசினால் மேனேஜரிடம் உங்களுக்காகவும் வாதாடுவார். முடிவெடுக்கும் அதிகாரம் மேனேஜரிடம் இருப்பதால், கடைசிச் சுற்றை அவரோடு நேரில் பேசுங்கள். உங்கள் இலக்கு விலையைச் சொல்லி, "இந்தத் தொகைக்கு எழுதிக் கொடுத்தால் இன்றே முன்பணம் கட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் நன்றி சொல்லி எழுந்து வாருங்கள். எனக்கு அடுத்த நாள் காலையில் அழைப்பு வந்தது.

படி 6: இன்சூரன்ஸைத் தனியாக எடுத்துப் பேசுங்கள்

ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. "வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் வராது", அதாவது பழுதுச் செலவை இன்சூரன்ஸ் நிறுவனம் நேரடியாகக் கட்டாது என்று பயமுறுத்துவார்கள். அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தாக வேண்டும். செப்டம்பர் 2018 முதல் இதுதான் விதி. அந்தப் பகுதியின் பிரீமியம் எங்கும் ஒன்றே. வித்தியாசமெல்லாம் சொந்தச் சேதக் காப்பீட்டிலும் ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தருவது), எஞ்சின் பாதுகாப்பு போன்ற கூடுதல் பாதுகாப்புகளிலும்தான். ஒப்பிடும்போது ஐ.டி.வி. (வண்டிக்குக் காப்பீட்டில் குறிக்கப்படும் மதிப்பு) ஒன்றாக இருக்கட்டும். புதிய காருக்கு அது எக்ஸ்ஷோரூம் விலையில் 95 சதவீதம். அதைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தை மலிவாக்கிய பாலிசி, விபத்தில் வண்டி முழுதாகப் போகும்போது உங்களைக் கைவிடும்.

பழைய கார் இருந்தால் அதன் நோ கிளெய்ம் போனஸை (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) புதிய காருக்கு மாற்றலாம். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கிளெய்ம் இல்லாதவருக்கு அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் விடும் அவசரத்தில் இதை மறந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

வெளியில் எடுத்த கொட்டேஷனைக் காட்டினால் ஷோரூமே பல நேரங்களில் அதற்கு இணையாக இறங்கி வரும். அப்போது அங்கேயே எடுப்பதில் தவறில்லை.

படி 7: கடனும் பழைய காரும்

இரண்டுக்கும் ஒரே வழி: ஷோரூமுக்குப் போகும் முன்பே வெளியில் ஒரு விலை கையில் இருக்க வேண்டும்.

உங்கள் வங்கியில் வட்டி விகிதம் கேட்டுக்கொள்ளுங்கள். 10 லட்சத்தை 5 ஆண்டுகளுக்கு 9 சதவீதத்தில் வாங்கினால் தவணை 20,758 ரூபாய், 9.75 சதவீதத்தில் 21,124. மாதம் 366 ரூபாய்தானே என்று தோன்றும். முடிவில் சுமார் 22,000. இதைவிட ஆபத்தானது "தவணையைக் குறைத்துத் தருகிறேன்" என்று ஏழு ஆண்டாக நீட்டுவது. 9 சதவீதத்திலேயே தவணை 16,089 ஆகக் குறையும், மொத்த வட்டி ஒரு லட்சத்து ஆறாயிரம் கூடும்.

பழைய காருக்கு வெளியில் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். டீலர் தரும் விலையோடு எக்ஸ்சேஞ்ச் போனஸைக் கூட்டியும் வெளி விலையைத் தாண்டவில்லை என்றால் வெளியிலேயே விற்றுவிடுங்கள். புதிய காரின் விலை முடியும் வரை பழைய காரைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். யாரிடம் கொடுத்தாலும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றின் நகலும், தேதியும் நேரமும் எழுதிய ஒப்படைப்புச் சீட்டும் வாங்குங்கள். ஆர்.சி. வேறு பெயருக்கு மாறும் வரை அந்த வண்டியால் வரும் வழக்கும் அபராதமும் உங்கள் பெயருக்கு வரக்கூடும்.

படி 8: முன்பணம் முதல் மீதித் தொகை வரை

முன்பணம் கட்டும் முன் புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும் என்ற நிபந்தனை அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அங்கேதான் இருக்கும். பேசி முடித்த எல்லாவற்றையும் படிவத்திலேயே எழுதச் சொல்லி மேனேஜரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். "டெலிவரிக்குப் பிறகு போனஸைக் கணக்கில் போட்டுவிடுவோம்" என்ற வாக்குறுதியை ஏற்காதீர்கள். தள்ளுபடி பில்லில் கழிக்கப்பட வேண்டும். பணம் டீலரின் வங்கிக் கணக்குக்கு மட்டும். விற்பனைப் பிரதிநிதியின் சொந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

மீதித் தொகையைக் கட்டும் முன், வண்டியைப் பதிவுக்கு அனுப்பும் முன், கிடங்குக்குப் போய் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வண்டியின் தனி அடையாளமான சேஸிஸ் எண்ணைப் படம் எடுங்கள். அதில் தயாரிப்பு ஆண்டும் மாதமும் குறியீடாக இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறுவதால் படித்துக் காட்டச் சொல்லுங்கள், விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் உள்ள தயாரிப்பு மாதத்தோடு ஒப்பிடுங்கள். டயர் தேதி, கண்ணாடிகளில் உள்ள ஆண்டுக் குறி, ஓடோமீட்டர், பம்பர் ஓரங்களில் மறுபெயின்ட் தடம் ஆகியவற்றைப் பாருங்கள். பதிவு எண் விழுந்த பிறகு வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். அதற்கு முன் ஒரு கீறல் கண்டாலும் வேறு வண்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லில் உள்ள சேஸிஸ் எண்ணும் நீங்கள் எடுத்த படத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மீதியைக் கட்டுங்கள்.