உலாவி இல்லாமல் ரவுட்டரை வழிக்குக் கொண்டுவருவது

என் பழைய மடிக்கணினியில் எழுத்து மட்டும் காட்டும் உலாவிதான் ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் தெரியாத அதில் பல ரவுட்டர்களின் அமைப்புப் பக்கம் வெறுமையாகத்தான் வரும். ஆகவே ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை நிறுவிய ரவுட்டரையே வைத்திருக்கிறேன். 2004-இல் தொடங்கிய இந்த லினக்ஸ் அமைப்பில் வலைப்பக்கம் வெறும் மேல்பூச்சு; வேலையைக் கட்டளைகளாலேயே முடிக்கலாம்.

முதலில் கேபிளால் இணையுங்கள். வைஃபையில் இருந்துகொண்டே வைஃபையை மாற்றுவது நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டும் வேலை. டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்), இன்னொரு கருவிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக, 192.168.1.1 என்ற ரவுட்டரின் முகவரிக்கு ‘ரூட்’ (நிர்வாகி) என்ற பெயரில் நுழையுங்கள். புதிதாக நிறுவியிருந்தால் கடவுச்சொல் இருக்காது. உடனே ஒன்று வையுங்கள்.

எல்லா அமைப்புகளும் ‘கான்ஃபிக்’ அடைவில் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. ‘வயர்லெஸ்’ கோப்பை விஐ எடிட்டரில் திறந்து, வைஃபையின் பெயரையும் சாவியையும் (வைஃபை கடவுச்சொல்) மாற்றுங்கள். சாவிக்குக் குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63. ‘டிசேபிள்ட்’ (முடக்கப்பட்டது) வரியில் 1 இருந்தால் 0 ஆக்குங்கள். இதைக் கவனிக்காமல்தான் பலர் ஆன்டெனாவைத் திருகிக்கொண்டிருப்பார்கள். சேமித்து, ‘வைஃபை ரீலோட்’ கட்டளை கொடுத்தால் போதும்.

விஐ பிடிக்காதவர்களுக்கு, கோப்பைத் திறக்காமலே அமைப்புகளை மாற்றும் யுசிஐ கட்டளை இருக்கிறது. அதில் ‘செட்’ கொடுத்தபின் ‘கமிட்’ கொடுக்காவிட்டால், ரவுட்டரை அணைத்துப் போட்டதும் மாற்றம் காணாமல்போகும்.

கோப்புகளை எஸ்சிபி (எஸ்எஸ்ஹெச் வழியாக நகலெடுக்கும் கட்டளை) மூலம் கணினிக்கு நகலெடுத்து வையுங்கள். கணினியில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச் 2022-க்குப் பிந்தையதாக இருந்து முரண்டு பிடித்தால், எஸ்சிபி கட்டளையில் சிறுகோடிட்டு ஆங்கிலப் பெரிய ‘ஓ’ சேருங்கள்.