கண்ணில் தூசி, சுண்ணாம்பு, அமிலம் பட்டால் என்ன செய்வது?

கண்ணில் எது பட்டாலும் முதலில் பாதிக்கப்படுவது அதன் வெளி அடுக்கு. அதில் ஆறில் ஒரு பங்கு, முன்புறம் ஒளிபுகும் கார்னியா. மீதி, விழியின் வடிவத்தைத் தாங்கும் வெண்ணிற ஸ்கிளீரா. கண்ணை அசைக்கும் தசைகள் பற்றியிருப்பதும் இதில்தான். ஸ்கிளீரா உறுதியானது. கவலை கார்னியாவைப் பற்றியதே. நடுவில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. நடுவில் சிறு தழும்பு விழுந்தாலும் பார்வை மங்கும்.

தூசி விழுந்தால் கசக்காதீர்கள். மேல் இமைக்கடியில் ஒட்டிய துகள் கார்னியாவின் மேல்தோலைக் கீறிவிடும். கையைக் கழுவி, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, பலமுறை இமையுங்கள். போகவில்லையா? மேல் இமையைக் கீழ் இமையின் மேல் இழுத்து விட்டு, சுத்தமான நீரில் அலசுங்கள். மேல்தோல் மட்டும் கீறியிருந்தால் பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் தழும்பில்லாமல் ஆறும்.

சுத்தியல், கிரைண்டர் வேலையில் தெறித்த உலோகத் துணுக்கு விழியையே துளைத்திருக்கலாம். அப்போது அலசவும் கூடாது, அழுத்தவும் கூடாது. கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கப்பால் மூடி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரசாயனம் பட்டால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். மருந்து நீரைத் தேட வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். பாதித்த கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 முதல் 30 நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். தலையைச் சாய்க்காவிட்டால் வழியும் நீர் நல்ல கண்ணையும் எரிக்கும். சுண்ணாம்பு, சிமென்ட் துகள்கள் இமை மடிப்பில் தங்கி எரித்துக்கொண்டே இருக்கும். அலசும்போதே கண்ணை எல்லாப் பக்கமும் உருட்டி அவற்றை வெளியேற்றுங்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி முறிக்க முயலவே வேண்டாம்.

சுண்ணாம்பு, சிமென்ட் போன்றவற்றில் உள்ள காரம் (ஆல்கலி) அமிலத்தைவிட ஆபத்தானது. அமிலம் மேற்பரப்புப் புரதத்தை உறையவைப்பதால், அந்த உறைவே அது உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரமோ செல் சவ்வின் கொழுப்பைக் கரைத்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கார்னியாவும் ஸ்கிளீராவும் சேரும் விளிம்பில் உள்ள, புதிய செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் அழிந்தால் மேல்தோல் சரிவரப் புதுப்பிக்கப்படாது. கார்னியா வெளுத்து, இயல்பாக அதில் இல்லாத ரத்தக்குழாய்கள் படரும்.

காரம் பட்ட கண் சிவக்காமல் வெளுத்திருந்தால் தப்பித்ததாக எண்ணாதீர்கள். விளிம்பின் ரத்தக்குழாய்கள் கருகியதன் அடையாளமாக அது இருக்கலாம். அலசி முடித்ததும், வலி குறைந்திருந்தாலும், ரசாயனத்தின் பாட்டிலோடு கண் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மீந்துபோன ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள்.