சோபாவின் மேல் துணியை ஒளியாகப் போர்த்திப் பார்ப்பது எப்படி?

சோபாவுக்குப் புதுத் துணி எடுக்கும்போது, கையகலத் துண்டை வைத்துக்கொண்டு முழு சோபாவையும் மனதில் கொண்டுவருவது சிரமம். புரொஜெக்டர் இருந்தால் அந்தத் துணியை ஒளியாகவே மேலே போர்த்திப் பார்த்துவிடலாம். இதைப் புரொஜெக்ஷன் மேப்பிங் என்பார்கள். ரமேஷ் ராஸ்கரும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ‘ஷேடர் லேம்ப்ஸ்’ ஆய்வு, வெள்ளைப் பொருட்களுக்கு ஒளியாலேயே நிறமும் வேலைப்பாடும் கொடுத்துக் காட்டியது. நாம் செய்யப்போவது அதன் எளிய வடிவம்.

முதலில் சோபாவைத் தயார் செய்யுங்கள். வெளிறிய, பளபளப்பில்லாத பரப்பில்தான் நிறம் சரியாக விழும். அடர் நிற சோபா என்றால் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் குண்டூசி குத்திவிடுங்கள். மரக்கால்களுக்கு வெள்ளைக் காகிதம் போதும்.

புரொஜெக்டரை அசையாத ஸ்டாண்டில், நீங்கள் நின்று பார்க்கும் பக்கமாக வையுங்கள். கோணலாக விழும் படத்தைத் தானாகவே நேராக்கும் ஆட்டோ கீஸ்டோன் வசதியை அணைத்துவிடுங்கள். நாம் மூலைகளைப் பொருத்திய பிறகு அது பாட்டுக்குப் படத்தை வளைத்தால் எல்லாம் போச்சு. புரொஜெக்டரின் பட மோடுகளில் ‘டைனமிக்’ நிறத்தைக் கெடுக்கும், ‘சினிமா’ மோடே நல்லது. படத்தைப் பொருளின் மேல் பொருத்தும் மென்பொருள்களில் என் ஓட்டு மேட்மேப்பருக்கு. இலவசமாக வேண்டுமென்றால் மேப்மேப் இருக்கிறது. ரெசொலூம் அரீனா மேடை நிகழ்ச்சிகளுக்கு அருமையானது, ஒரு சோபாவுக்கு அவ்வளவு தேவையில்லை.

இனி வருவதுதான் முக்கியமான கட்டம்: டிசைனின் அளவு. துணியின் படத்தை அப்படியே மெத்தையின் மேல் இழுத்துப் பொருத்தினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 4 செ.மீ. பூ 12 செ.மீ. ஆகிவிடும், அதை நம்பித் துணி வாங்க முடியாது. அதனால் சோபாவின் ஒவ்வொரு முகத்தையும் டேப்பால் அளந்து, ஒரு செ.மீ.க்கு 10 பிக்சல் என்ற கணக்கில் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் தனித்தனிப் படம் செய்யுங்கள். மெத்தை 60 × 55 செ.மீ. என்றால் படம் 600 × 550 பிக்சல். மாதிரித் துணியை நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, 20 செ.மீ. துண்டை 200 பிக்சலாகச் சுருக்கி, அந்தப் படம் முழுக்க அடுக்குங்கள். பிறகு அதன் நான்கு மூலைகளையும் மெத்தையின் நான்கு மூலைகளில் கொண்டுபோய் வையுங்கள். கைப்பிடி போன்ற வளைவுகளுக்கு மெஷ் (படத்தை வளைக்க உதவும் புள்ளி வலை) போட்டு, வளைவை ஒட்டிய புள்ளிகளை மட்டும் நகர்த்தினால் போதும்.

சரிபார்க்க, துணிப் படத்துக்குப் பதிலாக 5 செ.மீ. கட்டங்கள் போட்ட படத்தை விட்டு, மெத்தையின் மேல் ஸ்கேலை வையுங்கள். கட்டம் 5 செ.மீ. காட்டினால் துணியின் அளவும் சரி.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1920 பிக்சல் அகலப் படம் 2 மீட்டருக்கு விரியும்போது ஒரு பிக்சல் ஏறக்குறைய 1 மி.மீ. ஆகிவிடும், அதைவிட நுண்ணிய நெசவு தெரியாது. வெல்வெட்டின் மினுமினுப்பும் வார்னிஷின் பளபளப்பும் நாம் நகர நகர மாறுபவை, அவையும் வராது. கறுப்பு ஒளி என்று ஒன்று இல்லாததால் அடர் மரநிறங்கள் சாம்பல் பூத்துத் தெரியும். ஜன்னலை மூடி அறையை நன்றாக இருட்டாக்குங்கள். நிறத்துக்கு, வெறும் வெள்ளை ஒளி விழும் இடத்தில் அசல் துண்டைப் பிடித்து, பக்கத்தில் விழும் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். படம் மங்கலாக இருந்தால் லேப்டாப் அனுப்பும் ரெசல்யூஷனைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ‘ஆதரிக்கும்’ அளவை விட்டுவிட்டு, புரொஜெக்டரின் நேட்டிவ் அளவையே (அது உண்மையில் காட்டும் பிக்சல் எண்ணிக்கையையே) வையுங்கள். இன்னொன்று, யாராவது உட்கார்ந்து எழுந்ததும் டிசைன் விலகிவிடுகிறதாம். சோபாவின் கால்களுக்கும் ஸ்டாண்டின் கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால், பழைய இடத்துக்கே நகர்த்திவிடலாம்.