சன்ஷேடு அடியில் ஒரு காடி
புது அறை சேர்த்துக் கட்டுகிறீர்களென்றால், சன்ஷேடின் அடிப்பக்கம் பூசும்போதே விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, நீளவாக்கில் அரை அங்குலக் காடி, அதாவது கோடுபோல் ஒரு பள்ளம், இழுத்துவிடச் சொல்லுங்கள். பூச்சு ஈரமாக இருக்கையில் ஒரு கம்பியை அழுத்தி எடுத்தாலே போதும், தனிச் செலவில்லை.

மழைத்தண்ணீர் எல்லாமே விளிம்பில் சொட்டிவிடாது. கொஞ்சம் அடிப்பரப்பைப் பற்றிக்கொண்டே உள்ளே ஓடி, ஜன்னலுக்கு மேல் சுவரில் இறங்கும். அங்கேதான் பெயிண்ட் உப்பிக்கொண்டு வரும். காடி இருந்தால் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். பட்டி பார்க்கிறவர் அதை அடைத்துவிடாமல் மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள், பெரும்பாலும் அடைத்துவிடுகிறார்கள்.

பழைய சன்ஷேடில் கட்டர் வைத்து வெட்ட வேண்டாம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தெரிந்துவிட்டால் துருப்பிடிக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கும், பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்து விரிசலுக்கும் இது உதவாது.