கிளிப்பும் கைப்பேசியும் போதும்: புலன் வாங்கிகளைத் தோலிலேயே படிப்பது

உயர்தர உயிரியலில் புலன் வாங்கிகள் (தொடுகை, அதிர்வு போன்றவற்றை உணரும் அமைப்புகள்) வந்ததும் பிள்ளைகள் அட்டவணை போட்டு மனனம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளவத்தையில் என்னிடம் ரியூசனுக்கு வருகிறவர்களைக் கொப்பியை மூடச் சொல்லிவிடுவேன். ஒரு பேப்பர் கிளிப், அடிமட்டம், கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சம்மதிக்கும் ஒரு தம்பி. இவ்வளவும் போதும்.

கிளிப்பை விரித்து ‘ப’ வடிவில் வளையுங்கள். முனைகளுக்கிடையே ஒரு சென்ரிமீற்றர் விட்டு, தம்பியின் சுட்டுவிரல் நுனியில் இரண்டும் ஒரே நேரத்தில் படும்படி தொடுங்கள். தோல் இலேசாகக் குழிந்தால் போதும். “ஒன்றா, இரண்டா?” இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போங்கள். இடைக்கிடை ஒரு முனையால் மட்டும் தொட வேண்டும். இல்லாவிட்டால் அவன் கண்ணை மூடிக்கொண்டே “இரண்டு, இரண்டு” என்று அடித்துவிடுவான். விரல் நுனி 2 முதல் 4 மில்லிமீற்றர் இடைவெளியைக்கூடப் பிரித்தறியும். முன்னங்கைக்குப் போங்கள்: 2 சென்ரிமீற்றர் விலக்கி வைத்தாலும் பெரும்பாலும் “ஒன்று” என்பான். விரல் நுனியில் தொடுகையை உணரும் மேர்க்கல் கலங்களும் மைஸ்னர் சிறுதுணிக்கைகளும் நெருக்கமாக இருக்கின்றன, ஒவ்வொரு நரம்பு நாருக்கும் உரிய தோல் பரப்பும் சிறியது. ஜெர்மன் உடலியலாளர் ஏர்ன்ஸ்ட் வெபர் 1834இல் இதைக் கவராயத்தால் செய்து எழுதினார். உங்களுக்குக் கவராயம் வேண்டாம், குத்திவிடும்.

அடுத்தது அதிர்வு. கைப்பேசியை அதிர்வில் போட்டு மேசையில் வைத்து, ஒரு முழம் தள்ளி உள்ளங்கையை வையுங்கள். அதைப் பிடிப்பது தோலின் ஆழத்தில் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும் பசினியன் சிறுதுணிக்கை. வீடு கடற்கரைப் பக்கமென்றால் ரயில் போய் முடியட்டும், அதன் அதிர்வும் கலந்துவிடும்.

நரம்பு நார்களைத் தாங்கி நிற்கும் துணைக்கலங்களை இப்படித் தொட்டறிய வழியில்லை. ஆனால் கதிரைக் காலில் விரலை இடித்த நாளை நினையுங்கள். முதலில் சுரீர், கொஞ்சம் பிந்தி விண்விண்ணென்ற வலி. சுரீர் வந்தது மெல்லிய மயலின் உறையுள்ள (துணைக்கலம் சுற்றிப் போடும் கொழுப்பு உறை) நாரில், செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வேகத்தில். பிந்தியது மயலின் இல்லாத நாரில், ஏறக்குறைய 2 மீற்றருக்குள்.

புள்ளி போவது இங்கேதான். மயலின் இல்லையென்றால், மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே உள்ள நரம்புகளின் துணைக்கலமான சுவான் கலமும் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். இருக்கிறது: ஒரு சுவான் கலம் பல மெல்லிய நார்களைத் தன் மடிப்புகளில் தாங்கிக்கொள்ளும், சுற்றிச் சுற்றி உறை போடாது, அவ்வளவுதான். மயலின் போடும்போது ஒரு கலம் ஒரே நாரின் ஒரே துண்டுக்கு மட்டும். மூளையிலும் முண்ணாணிலும் அந்த வேலை ஒலிகோடென்ட்ரோசைற்று என்ற இன்னொரு துணைக்கலத்துடையது. அது ஒரே நேரத்தில் பல நார்களுக்குக் கை நீட்டும். மூன்றையும் அருகருகே வரையுங்கள், பெயர்களைப் பிறகு எழுதலாம்.