மலைநாட்டில் ஒரு பொலிஸ் ஜோடிப் படம் எடுப்பது எப்படி

இரண்டு பொலிஸ்காரர்கள், ஒருவருக்கு மற்றவரைக் கண்ணில் காட்டக் கூடாது, ஆனால் ஒரே ஜீப்பில் ஒன்றாகத்தான் போக வேண்டும். இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே, எடுப்பது லேசு என்று நினைத்து நாங்கள் நாலு பேர் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் போன் கெமராவோடு இறங்கினோம். முதல் படத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவருக்குக் கோபம் அதிகம், மற்றவர் எதற்கும் சிரிப்பார், அவ்வளவைத்தான் எழுதி வைத்திருந்தோம்.

குணம் வேறாக இருந்தால் போதாது. ஒருவருக்குத் தெரிந்த விஷயம் மற்றவருக்குத் தெரியவே கூடாது, அது இல்லாமல் கேஸ் நகரவும் கூடாது. மலைநாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. மாத்தறைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சிங்கள சார்ஜன்ட், முழங்கால் வலி, சட்டம் கரைத்துக் குடித்தவர். பொகவந்தலாவையில் லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்த ஒரு கான்ஸ்டபிள், எந்த மலையில் எந்தக் குறுக்குப் பாதை எங்கே போய் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இவர் அவனை "மல்லி" (சிங்களத்தில் தம்பி) என்பார், அவன் "சேர்" என்பான். அந்த "சேர்" எந்தக் காட்சியில் மரியாதை, எந்தக் காட்சியில் எரிச்சல் என்று நடிப்பவனுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம், தமிழ்ப் பொடியனை மொழிபெயர்ப்பாளனாகவோ கோமாளியாகவோ நிறுத்தி வைக்க வேண்டாம், அந்தச் சலிப்பை நாங்கள் போதுமளவு பார்த்தாயிற்று.

கேஸ் என்னவாக இருக்கலாம்? கசிப்புக் காய்ச்சுகிறவர்களைத் துரத்துவதை எல்லோரும் எடுத்தாயிற்று. எங்களுடைய இரண்டாவது கதை இப்படி: காட்டுப்பன்றிக்கு பிரேக் கேபிளில் சுருக்கு வைத்திருக்கிறார்கள், அதில் சிறுத்தை மாட்டிச் செத்துக் கிடக்கிறது, பல்லும் நகமும் இல்லை. தேயிலைக் காட்டில் சுருக்கில் சிறுத்தை சாவது இங்கே அடிக்கடி நடக்கிற கதைதான். கொழுந்து பறிக்கப் போன ஒரு ஆச்சி அதைக் கண்டு, பொலிசுக்கு ஓடி வந்து மூச்சு வாங்க "புலி, புலி" என்கிறார். நம் ஆட்கள் சிறுத்தையையும் புலி என்றுதானே சொல்வோம். சார்ஜன்டுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. அவர் கை தன்பாட்டில் போனுக்குப் போகிறது. கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் புரட்டவும் செய்கிறது. இந்த ஒரு நிமிடத்தில் இருவரும் யார் என்று விளங்கிவிடும், ஒரு அடிதடியும் தேவையில்லை. அந்த முகங்களில் கெமராவை விட்டுவைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். அப்புறம் ஆச்சியின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, அவருக்கு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துக் கேட்கிற காட்சியை வையுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. அதைச் சார்ஜன்டே, சட்டம் தெரிந்தவர் என்கிற ரோஷத்தில், தன் மேலதிகாரியிடம் வாதாடிச் சொன்னால் கான்ஸ்டபிள் அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்ப்பான்.

சரி, அக்‌ஷன். துப்பாக்கியை மறந்துவிடுங்கள், மலையே போதும். எனக்கு ஆசை தெமோதரைதான். எல்ல பக்கமிருந்து பதுளைக்குப் போகிற ரயில் தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி, மலையை ஒரு வட்டம் சுற்றிக்கொண்டு, அதே ஸ்டேஷனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்தால் போகும். சந்தேக நபர் ரயிலில், இவர்கள் ஸ்டேஷனுக்கு வர ரயில் கிளம்பிவிட்டது. சார்ஜன்ட் தலையில் கை வைக்கிறார், கான்ஸ்டபிள் ஒன்றும் பேசாமல் சரிவில் கீழே இறங்க ஆரம்பிக்கிறான். பார்ப்பவர்களுக்கு விஷயம் விளங்குகிற நொடியில் ரயில் சத்தத்தை ஏற்றுங்கள். தண்டவாளத்தில் மட்டும் ஆளை ஓட விட வேண்டாம், அது சட்டப்படி பிழை, உயிரும் போகும். கால்கள் ஓடுவதைப் பாதையில் தனியாக எடுங்கள், ரயிலைத் தூரத்திலிருந்து தனியாக எடுங்கள், வெட்டி ஒட்டினால் ஒன்றாகிவிடும்.

தேயிலை மலையில் துரத்துவதென்றால் முதலில் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) அனுமதி கேளுங்கள், கொழுந்து நிற்கிற மலையை மிதித்தால் நாளைக்குப் பேருக்கு, அதாவது நாள் சம்பளத்துக்கு, வேலை செய்கிறவர்களுக்குத்தான் நட்டம். செடிகளுக்கு இடையில் தண்ணீர் ஓடக் கான் (வாய்க்கால்) வெட்டியிருப்பார்கள், மேலே இலை மூடியிருப்பதால் தெரியாது, எங்கள் வில்லன் இடுப்பளவுக்கு உள்ளே போய்விட்டான் (அந்த ஷாட்டைப் படத்தில் வைத்துக்கொண்டோம்). கவ்வாத்து வெட்டிய மலையில் யாரையும் விழச் சொல்லக் கூடாது, குச்சிகள் கத்தி மாதிரி நிற்கும். அட்டைக்கு உப்பு.

காலநிலையைப் பார்த்து ஊரைத் தெரிவு செய்யுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்கு மழை விடாது, அப்போது பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயில் அடிக்கும். வருடக் கடைசியில் ஊவாவில் மழை. மூடுபனி வந்தால் தூரத்து ஷாட்டுகளை உடனே எடுத்துவிடுங்கள், முகத்தைக் கிட்டத்தில் பிறகு எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. லயத்துக்குள் பேச்சுக் காட்சி வைத்தால் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் ஒரு வசனமும் தேறாது, வேறு போனில் குரலைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். மஸ்கெலியாவில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றுகிற காலமென்றால் மூழ்கிப்போன பழைய டவுனின் கோயிலும் விகாரையும் வெளியே தெரியும், கடைசிச் சண்டைக்கு அதைவிட இடம் கிடையாது, சேறுதான் ஆளை இழுக்கும், கவனம்.

யூனிஃபோர்ம் விஷயம் விளையாட்டில்லை. நாங்கள் காக்கிச் சட்டையோடு கடைத்தெருவில் நின்று தேத்தண்ணி குடிக்க, யாரோ 119க்கு அடித்துவிட்டார்கள், அரை நாள் ஸ்டேஷன் வாங்கில். எடுக்கப் போகிற ஊரின் ஓஐசிக்கு (பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு) திகதி, இடம், ஆட்களின் பெயர் எழுதிக் கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிரதியைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். ஷாட் முடிந்ததும் மேலே ஜேர்சியைப் போட்டுவிட வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவதென்றால் சிவில் விமான அதிகாரசபையின் அனுமதி தனி.

கடைசிக் காட்சியில் இருவரும் கட்டிப்பிடிக்க வேண்டாம். எங்கள் படத்தில் சார்ஜன்ட் திரும்பவும் அதே ஆச்சியின் லயத்துக்குப் போய், கான்ஸ்டபிளைப் பேச விடாமல், கஷ்டப்பட்டுத் தமிழில் "புலி இல்ல, ஆச்சி, சிறுத்த" என்கிறார். ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "எல்லாம் புலிதான் ராலாமி, தேத்தண்ணியக் குடிங்க" என்று கோப்பையை நீட்டுகிறார்.