ஃபிரிட்ஜை எத்தனை டிகிரியில் வைப்பது?

வீட்டு ஃபிரிட்ஜின் உட்புறம் 4 டிகிரி செல்சியஸிலும், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் விரைந்து பெருகுகின்றன. 4 டிகிரியில் அவை செத்துவிடுவதில்லை என்றாலும் பெருகும் வேகம் பெரிதும் தணிந்துவிடுவதால், பாலும் சமைத்த உணவும் கூடுதல் நாள் தாங்குகின்றன.

கதவைத் திறந்ததும் கண்ணில் படும் திருகில் 1 முதல் 7 வரை இருக்கும் எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக் கூடக் குளிர் கூடும் என்பதைத் தவிர அவற்றிலிருந்து வேறெதுவும் தெரியாது; மார்கழியில் 3-இல் வைத்துச் சரியாக இருந்த பெட்டி, சமையலறை 35 டிகிரிக்குக் காயும் சித்திரையில் அதே 3-இல் போதிய குளிரைத் தராமல் போகலாம். எனவே அளந்து பார்ப்பதே வழி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உடல் வெப்பத்தை ஒட்டிய அளவுகளை மட்டுமே காட்டும் என்பதால் இதற்கு உதவாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரை இட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துவிட்டு, காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கும் முதல் தடவையிலேயே அளவைப் பாருங்கள். காற்றின் வெப்பநிலை கதவைத் திறந்த நொடியே மாறிவிடும். தண்ணீரின் வெப்பநிலை அப்படி மாறாது, உணவின் உண்மையான நிலையையும் அதுவே காட்டும். 5 டிகிரிக்கு மேல் இருந்தால் திருகை ஓர் எண் கூட்டி, ஒரு முழு நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும்.

குளிரைக் கூட்டினால் மின்கட்டணம் ஏறுமே என்று பலர் திருகைக் குறைத்தே வைக்கிறார்கள். இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். சமையலறை 33 டிகிரியில் இருக்கும்போது பெட்டியை 7 டிகிரியில் வைத்தால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 26 டிகிரி. 4-இல் வைத்தால் 29. சுவர் வழியே உள்ளே புகும் வெப்பம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுகிறது, மின்செலவும் கிட்டத்தட்ட அந்த அளவே கூடும். ஆண்டுக்கு 200 யூனிட் என்று நட்சத்திர லேபிளில் அச்சிட்டிருக்கும் பெட்டிக்கு அது 20 முதல் 25 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கே 150 ரூபாய்க்குள் அடங்கிவிடும். நான்கைந்து பால் பாக்கெட்டுகள் திரிந்து, ஒரு பாத்திரம் இட்லி மாவு புளித்துப் பொங்கி வழிந்தாலே அந்தத் தொகை போய்விடும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. அந்த உணவை விளைவிக்கவும் சமைக்கவும் செலவான நீரையும் எரிபொருளையும் எண்ணினால், திருகைக் குறைத்து மின்சாரம் மிச்சம்பிடிப்பது தவறான இடத்தில் பிடிக்கும் சிக்கனம் என்றே சொல்வேன்.

மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது, கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. பல வீடுகளில் ரப்பர் கெட்டிருக்காது, அதன் மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மடிப்பை விரித்துத் துடைத்தாலே மறுபடி ஒட்டிப் பிடிக்கும். அடுத்தது, பெட்டி நிற்கும் இடம். அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் விழும் சன்னலை ஒட்டியோ வைக்கக் கூடாது. பின்சுவருக்கும் பெட்டிக்கும் இடையே போதிய இடைவெளி விட்டால்தான் வெப்பம் நன்றாக வெளியேறும். ஒற்றைக் கதவுப் பெட்டியானால், ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டர் தடிப்பதற்குள் டீஃப்ராஸ்ட் செய்துவிடுங்கள். கத்தியால் பனியைக் குத்திப் பெயர்க்கவே கூடாது. கத்தி குழாயைத் துளைத்துவிடலாம்; இன்றைய பெட்டிகள் பலவற்றில் அந்தக் குழாய்க்குள் தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் வாயு ஓடுகிறது.

சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால் கம்ப்ரசர் நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும். ஆறட்டும் என்று மதியம் வைத்ததை மாலை வரை வெளியே விட்டால் கிருமிகள் பெருகிவிடும். குறிப்பாகச் சோற்றில், வேகும்போதும் சாகாத பாக்டீரியா வித்துகள் இருக்கின்றன. அகன்ற பாத்திரத்துக்கு மாற்றி, தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தி ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், உள்ளே வைத்துவிட வேண்டும்.

பாலைக் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். பெட்டியிலேயே சூடான இடம் அதுதான். அங்கே ஊறுகாயும் சாஸும் இருக்கட்டும். பாலும் மாவும் உள்தட்டுக்குப் போகட்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் ஆகியவற்றுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை.

மின்தடையின்போது கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை தாங்கும். அதைத் தாண்டினால் தெர்மாமீட்டரைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கும் கூடுதலாக இருந்துவிட்ட மீன், இறைச்சி, சோறு, குழம்பு ஆகியவற்றை மறுபடி கொதிக்க வைத்துச் சாப்பிட வேண்டாம். சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நச்சு கொதிநிலையிலும் அழிவதில்லை. நறுக்காத காய்கறியும் ஊறுகாயும் அதற்குள் கெட்டுவிடாது, அவற்றைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.